முள் சொல்வதும் சொல்லாததும்: ஒலிப்பதிவில் லெவல் மீட்டரைப் படிக்கும் முறை

ஒரே மைக்கிலிருந்து வரும் ஒரே குரலை ஒரே நேரத்தில் மூன்று மீட்டர்களுக்கு அனுப்பிப் பார்த்தால் மூன்றும் வெவ்வேறு விதமாகப் பேசும். முள் வைத்த வி.யு. (வால்யூம் யூனிட்) மீட்டர் பூஜ்யத்துக்குச் சற்றுக் கீழே நிதானமாக ஆடிக்கொண்டிருக்கும். ஒலிபரப்பு நிலையங்களில் பழகிய பி.பி.எம். எனும் உச்சமட்ட மீட்டர், அழுத்தி உச்சரித்த ஒவ்வோர் எழுத்துக்கும் துள்ளி எழுந்து மெல்ல இறங்கும். டிஜிட்டல் ரெக்கார்டரின் விளக்குப்பட்டையோ −8 வரை ஏறிவிட்டு வரும். ஆனால் அதே மூன்றிலும் ஏற்ற இறக்கமற்ற ஒரு தொனியைச் செலுத்தினால், ஒவ்வொன்றும் தன் அளவுகோலில் குறித்த இடத்தில் பிசகாமல் நிற்கும். எதிலும் பழுதில்லை. ஒலி என்பது கம்பியில் நொடிக்கு நொடி மாறிக்கொண்டேயிருக்கும் மின்னழுத்தமாக ஓடுகிறது. அதை ஒற்றை எண்ணாகச் சுருக்க வேண்டுமானால், எவ்வளவு நேரத்தைச் சேர்த்துப் பார்ப்பது என்று முதலில் முடிவு செய்தாக வேண்டும். இந்த மூன்றும் அந்த முடிவை மூன்று விதமாக எடுத்தவை. ஒரு மீட்டர் எவ்வளவு நேரத்தைச் சேர்த்துப் பார்க்கிறது, ஒலி செல்லும் பாதையில் எந்த இடத்தைப் பார்க்கிறது என்ற இரண்டையும் அறியாமல் அதன் எண்ணை மட்டும் படிப்பதுதான் லெவல், அதாவது ஒலிமட்டம், தொடர்பான பெரும்பாலான தவறுகளுக்கு வேர் என்று கருதுகிறேன்.

வி.யு. மீட்டர் பிறந்த சூழலை அறிந்தால் அதன் இயல்பு எளிதில் விளங்கும். 1930-களில் அமெரிக்க வானொலி நிகழ்ச்சிகள் நகரத்துக்கு நகரம் தொலைபேசிக் கம்பிகள் வழியாகச் சென்றன. அனுப்பும் நிலையத்தில் ஒருவகை மீட்டர், கம்பியைப் பராமரிக்கும் தொலைபேசி நிறுவனத்திடம் இன்னொரு வகை, பெறும் நிலையத்தில் வேறொரு வகை என்று இருந்ததால், போய்ச்சேர்ந்த ஒலி அதிகமா குறைவா என்பதில் ஒத்த கருத்தே ஏற்படவில்லை. பெல் ஆய்வகமும் சி.பி.எஸ்., என்.பி.சி. ஆகிய வானொலி நிறுவனங்களும் சேர்ந்து ஒரு பொது மீட்டரை உருவாக்கி 1939-இல் ஏற்றுக்கொண்டன. ஒரு தொனியைத் திடீரெனக் கொடுத்தால் அதன் முள் 300 மில்லிவினாடியில் 99 சதவீத இலக்கை எட்ட வேண்டும். இலக்கைத் தாண்டித் துள்ளுவது 1 முதல் 1.5 சதவீதத்துக்குள் அடங்க வேண்டும். அதன் பூஜ்யக்குறி ஸ்டூடியோ வழக்கில் 1.228 வோல்ட்டைக் குறிக்கிறது. 600 ஓம் சுமையில் 1 மில்லிவாட் திறனைத் தரும் 0.775 வோல்ட்டைவிட இது 4 டெசிபல் கூடுதல் (டெசிபல் என்பது இரண்டு மட்டங்களின் விகிதத்தைச் சொல்லும் அலகு). இந்த 4 டெசிபல் எங்கிருந்து வந்தது என்று பலரும் கேட்பதுண்டு. மீட்டருக்குள் இருந்த, மாறுமின்னோட்டத்தை ஒருதிசையாக்கும் செப்பு ஆக்சைடு ரெக்டிஃபையரைக் கம்பியில் நேராக இணைத்தால் அது ஒலியையே சிதைத்துவிடும் என்பதால், அதற்கு முன்னால் 3,600 ஓம் தடை ஒன்றை வைத்தார்கள். அந்தத் தடையையும் கடந்து முள் பூஜ்யத்தைத் தொட அவ்வளவு கூடுதல் மின்னழுத்தம் தேவைப்பட்டது. ஒரு மீட்டரைக் கம்பியில் பாதுகாப்பாக இணைப்பதற்காகச் செய்த ஏற்பாடு, இன்றளவும் தொழில்முறைக் கருவிகளின் +4 என்ற இயங்குமட்டமாக நிலைத்திருப்பதை நினைத்தால் எனக்கு வியப்பாகவே இருக்கிறது.

300 மில்லிவினாடி என்பது ஏறத்தாழ ஓர் அசையை உச்சரிக்கும் நேரம். ஆகவே வி.யு. மீட்டரின் முள் பேச்சோடு சேர்ந்து, காது உணரும் உரப்புக்கு ஓரளவு இணக்கமாக ஆடுகிறது. நெடுநேரம் பார்த்தாலும் கண் சோர்வதில்லை. ஆனால் அந்த நிதானத்துக்கு ஒரு விலை உண்டு. கைதட்டலின் கூர்மையான தொடக்கம் சில மில்லிவினாடிகளில் முடிந்துவிடுகிறது. முள் அசையத் தொடங்கும் முன்பே அது கடந்து போய்விடும். பேச்சில்கூட முள் காட்டும் மட்டத்தைவிட உண்மையான உச்சம் 10 டெசிபலுக்கும் மேலே இருக்கக்கூடும். டாம்பரின், முரசு போன்ற தாளக் கருவிகளில் இடைவெளி இன்னும் பெரிது. காந்த டேப்பில் பதிவு செய்த காலத்தில் இது பெரிய தொல்லையாகவில்லை, ஏனெனில் டேப் திடீரென்று உடைவதில்லை. மட்டம் ஏற ஏறச் சிதைவு படிப்படியாகக் கூடும். ஒரு கணம் மட்டும் நீடிக்கும் சிதைவைக் காது பெரும்பாலும் பொறுத்துக்கொள்ளும். அனுபவமுள்ள பொறியாளர்கள் குரலுக்கு முள்ளைப் பூஜ்யத்தை ஒட்டியும், டாம்பரினுக்கு −10 அளவிலும் வைத்தார்கள். முள் காட்டாத உச்சத்தைத் தங்கள் பழக்கத்தால் கூட்டிக்கொண்டார்கள் என்பதே இதன் பொருள்.

பி.பி.சி.யின் பொறியாளர்கள் அதே 1930-களில் வேறு வழியில் சென்றார்கள். ஒலிபரப்புக் கருவியை வரம்பு மீற வைப்பது உச்சங்கள்தான் என்பதால், உச்சத்தைப் பார்க்கும் மீட்டரே வேண்டும் என்பது அவர்கள் முடிவு. கறுப்புப் பின்னணியில் 1 முதல் 7 வரை வெள்ளை எண்கள் மட்டும் கொண்ட அந்த முகப்பில் இன்று ஒவ்வோர் எண்ணுக்கும் இடையே 4 டெசிபல் இடைவெளி. 4 என்ற குறி 0.775 வோல்ட்டையும், 6 என்ற குறி அனுமதிக்கப்பட்ட உச்சத்தையும் குறிக்கின்றன. 10 மில்லிவினாடி மட்டும் நீடிக்கும் ஒலியையும் இது ஏறத்தாழ 2 டெசிபல் குறைவோடு காட்டிவிடும். ஏறியபின் 24 டெசிபல் இறங்க 2.8 வினாடி எடுத்துக்கொள்ளும். வேகமாக எழுந்து மெதுவாக விழுவதால் கண்ணால் உச்சத்தைப் பிடித்துக்கொள்ள முடிகிறது. இதைவிடக் குறுகிய உச்சங்களை இந்த மீட்டரும் வேண்டுமென்றே விட்டுவிடுகிறது, ஏனெனில் அவ்வளவு சிறிய நேரத்தின் சிதைவு கேட்காது என்று அதை வடிவமைத்தவர்கள் கணித்தார்கள்.

அந்தக் கணிப்பு டிஜிட்டல் பதிவில் செல்லாது. டிஜிட்டலில் ஒலியலையை நொடிக்கு 48,000 போன்ற எண்ணிக்கையில் மாதிரிகளாக அளந்து எண்களாக எழுதுகிறோம்; எழுதக்கூடிய மிகப்பெரிய எண்ணுக்குப் பூஜ்யம் என்று பெயர். மற்ற எல்லா மட்டங்களும் அதற்குக் கீழே மைனஸில்தான் வரும். இந்த அளவைத்தான் டிபிஎஃப்எஸ் என்கிறோம். பூஜ்யத்துக்கு மேலே எழுத எண் இல்லாததால் அலையின் தலை தட்டையாக வெட்டப்படுகிறது. டேப்பில் இருந்த விட்டுக்கொடுப்பு இங்கே கிடையாது. வெட்டப்பட்ட அலையை முழுமையாக மீட்கவும் வழியில்லை. ஆகவே டிஜிட்டல் மீட்டர் ஒவ்வொரு மாதிரியையும் பார்த்து, மிகப்பெரியதைத் தவறாமல் காட்டுகிறது. அதன் பெருமை அதுவே; குறையும் அதுவே, ஏனெனில் கேட்பவருக்கு எவ்வளவு உரப்பாக இருக்கும் என்பதைப் பற்றி அந்த உச்ச எண் ஏறக்குறைய எதுவுமே சொல்வதில்லை. −6 வரை உயரும் ஒற்றைக் கைதட்டலும் −6 வரை உயரும் இரைச்சலான கிட்டாரும் மீட்டரில் ஒன்றுபோல நிற்கும். காதுக்கோ இரண்டாவது பலமடங்கு பெரிதாகக் கேட்கும்.

இரண்டு உலகங்களையும் இணைப்பதற்காக ஒரு பொருத்தக்குறி தேவைப்பட்டது. அமெரிக்க வழக்கில் வி.யு. பூஜ்யம் −20 டிபிஎஃப்எஸ்ஸுக்கு நிகர். ஐரோப்பிய ஒலிபரப்பு ஒன்றியத்தின் பரிந்துரையில் பொருத்தமட்டம் −18. புதிதாகக் கற்பவர்கள் பெரும்பாலும் தடுமாறும் இடம் இதுதான். வி.யு. மீட்டரில் பூஜ்யம் என்பது வேலை நடக்கும் இடம். அதற்கு மேல் கருவியில் ஏறத்தாழ 20 டெசிபல் இடம் மீதமிருக்கும். டிஜிட்டல் மீட்டரில் பூஜ்யம் என்பது சுவர். இரண்டுக்கும் ஒரே பெயர் வாய்த்திருப்பதால், பழைய மீட்டரில் முள்ளைப் பூஜ்யத்துக்குக் கொண்டுவந்த பழக்கத்தோடு டிஜிட்டல் பட்டையையும் பூஜ்யத்தை நோக்கித் தள்ளுகிறார்கள். ஒவ்வொரு மாதிரியையும் 16 பிட்டில், அதாவது 16 இரும இலக்கங்களில், எழுதிய காலத்தில் இதற்குச் சிறிது நியாயம் இருந்தது. ஒரு பிட்டுக்கு ஏறத்தாழ 6 டெசிபல் என்ற கணக்கில் 16 பிட்டுக்குக் கிடைப்பது 96 டெசிபல். மட்டத்தைத் தாழ்வாக வைத்தால் இரைச்சல் நெருங்கி வரும். 24 பிட்டில் கணக்குப்படி 144 டெசிபல். நடைமுறையில் நல்ல கருவிகள் ஏறத்தாழ 120 டெசிபல் தருகின்றன.

இந்த 120 டெசிபல் எவ்வளவு தாராளமானது என்பதை ஒரு கணக்கால் உணரலாம். அமைதியான ஓர் அறையின் பின்னணி ஒலி 30 டெசிபல் என்றும், மைக்குக்கு வந்து சேரும் பேச்சு சராசரியாக 65 டெசிபல் என்றும் வைத்துக்கொள்வோம், இடைவெளி 35. அந்தப் பேச்சை −22 டிபிஎஃப்எஸ் சராசரியில் பதிவு செய்தால் அறையின் இரைச்சல் −57-இல் அமரும். ரெக்கார்டரின் சொந்த இரைச்சலை, மைக்கின் மெல்லிய மின்னழுத்தத்தைப் பெருக்கும் அதன் ப்ரீஆம்பையும் சேர்த்து, −105 என்றே தாராளமாக வைத்தாலும், அது அறையின் இரைச்சலுக்கு 48 டெசிபல் கீழே புதைந்து கிடக்கிறது. இப்போது கெய்னை, அதாவது ஒலியைப் பெருக்கும் அளவை, இன்னும் 10 டெசிபல் ஏற்றினால் என்ன கிடைக்கும்? பேச்சும் 10 ஏறும், அறையின் இரைச்சலும் 10 ஏறும், இரண்டுக்கும் இடையேயான 35 அப்படியே இருக்கும். மாறுவது ஒன்றே: பேசுபவர் எதிர்பாராமல் சிரித்தாலோ குரலை உயர்த்தினாலோ தாங்குவதற்கு இருந்த இடம் 10 டெசிபல் சுருங்கிவிடும். ஒலியைத் தெளிவாக்க விரும்புபவர் மைக்கைப் பேசுபவருக்கு அருகே கொண்டுசெல்ல வேண்டும். தூரம் பாதியானால் நேரடி ஒலி ஏறத்தாழ 6 டெசிபல் உயரும், அறை இரைச்சல் உயராது. கெய்ன் குமிழால் அதைச் செய்ய முடியாது. எனவே 24 பிட் பேச்சுப் பதிவில் சராசரி −20 அருகிலும், வழக்கமான உச்சங்கள் −12 முதல் −10 வரையிலும் இருக்கும்படி வைத்துவிட்டு, அதன்பின் மீட்டரைத் துரத்தாமல் காதைப் பதிவில் வைப்பதே நல்லது. ஒத்திகையின்போது பேசுபவர்களும் பாடுபவர்களும் தயக்கத்தோடு சற்று அடக்கியே ஒலிப்பார்கள். உண்மையான பதிவு தொடங்கியதும் குரல் சில டெசிபல் உயர்வது மிகச் சாதாரணம். அதற்கான இடத்தையும் முதலிலேயே விட்டுவைக்க வேண்டும்.

அடுத்தது, மீட்டர் எந்த இடத்தைப் பார்க்கிறது என்ற கேள்வி. இதில் நேரும் தவறுகள்தான் மிகவும் வருத்தம் தருபவை, ஏனென்றால் மீட்டர் முழுவதும் பச்சையாக இருக்கும்போதே பதிவு கெட்டுவிடுகிறது. ஒரு மிக்ஸரில் மைக்கின் ஒலி முதலில் ப்ரீஆம்பில் பெருகி, பிறகு வடிகட்டிகளையும் ஈக்வலைசரையும் கடந்து, ஃபேடர் எனும் தள்ளுகுமிழில் குறைந்தோ கூடியோ, இறுதியில் பிரதான வெளியீட்டில் மற்ற ஒலிகளோடு சேர்கிறது. பெரிய மீட்டர் பொதுவாகக் காட்டுவது அந்தக் கடைசி இடத்தை. ப்ரீஆம்பிலேயே அலை வெட்டுப்பட்டு, ஃபேடரில் 20 டெசிபல் குறைக்கப்பட்டால், பிரதான மீட்டர் −20-இல் சாந்தமாக நிற்கும். உள்ளே போவதோ சிதைந்த ஒலி. அதனால்தான் ஒவ்வொரு சேனலின் கெய்ன் குமிழுக்கு அருகிலும் ஒரு சிறு சிவப்பு விளக்கு வைத்திருக்கிறார்கள். அது மீட்டர் அளவுக்குக் கண்ணைக் கவர்வதில்லை என்றாலும் பதிவைக் காப்பதில் அதன் பங்கு பெரிது. சேனலின் மீட்டர் ஃபேடருக்கு முன்னால் உள்ளதா பின்னால் உள்ளதா என்பதைக் கருவியின் கையேட்டில் பார்த்துத் தெரிந்துகொள்ள வேண்டும்; பலவற்றில் இதை மாற்றியமைக்கவும் முடியும். உச்சத்தை ஒரு வரம்புக்குள் அடக்கும் லிமிட்டரிலும் இதே கேள்வி எழுகிறது. ஒலியை எண்ணாக்கும் கட்டத்துக்கு முன்னால், அனலாக் பகுதியில் அமைந்த லிமிட்டர் உண்மையிலேயே காக்கும். எண்ணான பிறகு வேலை செய்யும் லிமிட்டர், முன்பே வெட்டுப்பட்ட அலையை மட்டம் தட்டிக் கொடுக்குமே தவிர வெட்டைச் சரிசெய்யாது.

கயிறு நீளமாக நீளமாக முடிச்சும் பெருகும் என்பதுபோல, ஒரு கருவியிலிருந்து இன்னொன்றுக்கு ஒலியை அனுப்பும் ஒவ்வொரு முறையும் இந்தப் பிரச்சினை கூடுகிறது. மிக்ஸரிலிருந்து கேமராவுக்கோ இன்னொரு ரெக்கார்டருக்கோ அனுப்பும்போது, முதலில் மிக்ஸரிலிருந்து ஒரு சோதனைத் தொனியை அதன் பொருத்தமட்டத்தில் அனுப்பி, பெறும் கருவியில் அது −20-இலோ −18-இலோ, எது உடன்பாடோ அதில் நிற்கும்படி உள்ளீட்டைச் சரிசெய்ய வேண்டும். அதன்பிறகு மிக்ஸரின் மீட்டர் ஒன்றைப் பார்த்தாலே போதும். பேச்சை வைத்து இரண்டு மீட்டர்களைப் பொருத்த முயல்வது வீண்; அவை வெவ்வேறு நேரத்தைச் சேர்த்துப் பார்க்கும்வரை, ஆடும் ஒலியில் ஒருபோதும் ஒத்துப்போகா. டிஜிட்டல் அளவீடுகளில் இந்தத் தொனி 1,000 ஹெர்ட்ஸுக்குப் பதிலாக 997 ஆக இருப்பதைப் பார்க்கலாம். 48,000 என்பது 1,000-ஆல் மீதியின்றி வகுபடுவதால், ஒவ்வொரு சுற்றிலும் அதே 48 புள்ளிகளே திரும்பத் திரும்ப அளக்கப்படும். 997 ஒரு பகா எண் என்பதால் அலையின் எல்லாப் பகுதிகளும் அளவைக்குள் வந்துவிடுகின்றன.

தொனியை வைத்துச் சரிபார்க்கும்போது ஒரு 3 டெசிபல் குழப்பமும் வந்து நிற்கும். சைன் அலையின் உச்சத்துக்கும் அதன் ஆர்.எம்.எஸ். சராசரிக்கும் இடைவெளி 3 டெசிபல். ஆகவே −20 உச்சம் கொண்ட தொனியை ஒரு சராசரி மீட்டர் −23 என்று காட்டலாம். ஒலிப் பொறியாளர் சங்கத்தின் ஏ.இ.எஸ். 17 தரம் சைன் அலையின் சராசரியையும் உச்சத்தையும் ஒரே எண்ணாகக் காட்டும்படி வரையறுத்திருப்பதால், வேறொரு மீட்டர் −20 என்றே காட்டும். இரண்டும் சரியே, எந்த வழக்கைப் பின்பற்றுகிறது என்று தெரியாமல் கெய்னைத் தொடக் கூடாது.

மாதிரிகளைத் தவறாமல் பார்க்கும் டிஜிட்டல் மீட்டரும் ஒரு வகையில் ஏமாறும். மாதிரிகளுக்கு இடையே அலை எங்கே போகிறது என்பது அதற்குத் தெரியாது. 48 கிலோஹெர்ட்ஸ் பதிவில் சரியாக 12 கிலோஹெர்ட்ஸ் சைன் அலை ஒன்று, ஒவ்வொரு மாதிரியும் அதன் முகட்டுக்கு 45 பாகை தள்ளி விழும்படி அமைந்தால், எல்லா மாதிரிகளும் உச்சத்தின் 70.7 சதவீதத்திலேயே இருக்கும். மீட்டர் காட்டுவதைவிட உண்மையான அலை 3 டெசிபல் உயரமாக எழும். அந்த உயரம் மீண்டும் மின்னழுத்தமாக மாறும்போதோ எம்.பி.3 போன்ற வடிவத்துக்குச் சுருக்கப்படும்போதோ வெட்டுப்படலாம். இதற்காக உருவானதே ட்ரூ பீக் மீட்டர். அது மாதிரிகளின் எண்ணிக்கையை 4 மடங்காக்கி இடைப்பட்ட அலையைக் கணித்துப் பார்க்கிறது. பதிவு செய்யும் நேரத்தில் −10-க்குக் கீழே நிற்பவருக்கு இது கவலையே இல்லை. முடிந்த படைப்பை −1, −2 என்ற விளிம்பில் வெளியிடுபவருக்குத்தான் தவிர்க்க முடியாதது.

உரப்பை அளக்கும் மீட்டரும் அவ்வாறே. விளம்பரங்கள் நிகழ்ச்சியைவிட உரக்கக் கத்துகின்றன என்ற குறை உலகெங்கும் எழுந்தபோது, உச்சத்தை மட்டும் கட்டுப்படுத்திய பழைய விதிகளால் அதைத் தடுக்க முடியவில்லை, ஏனெனில் இரண்டின் உச்சமும் ஒன்றாகவே இருந்தது. பன்னாட்டுத் தொலைத்தொடர்பு ஒன்றியம் 2006-இல் பி.எஸ். 1770 என்ற அளவுமுறையை வெளியிட்டது. அது தாழ்ந்த அதிர்வெண்களைக் குறைத்து, உயர்ந்தவற்றைச் சிறிது தூக்கி, காது உணர்வதற்கு ஒப்பாக ஒலியை எடைபோட்டு, 400 மில்லிவினாடித் துண்டுகளாகச் சராசரி காண்கிறது. இடையே உள்ள அமைதியான பகுதிகள் கணக்கிலிருந்து விலக்கப்படுகின்றன. விடை லஃப்ஸ் என்ற அலகில் வருகிறது. ஐரோப்பிய ஒலிபரப்பு ஒன்றியம் 2010-இல் நிகழ்ச்சிகளுக்கு −23 லஃப்ஸ், −1 ட்ரூ பீக் என்று வகுத்தது; அமெரிக்கத் தொலைக்காட்சியில் இலக்கு −24. இவை முடிந்த நிகழ்ச்சியின் முழு நீளத்துக்குமான எண்கள். பதிவு நடந்துகொண்டிருக்கும்போது லஃப்ஸ் எண்ணைப் பார்த்து மைக்கின் கெய்னை நகர்த்துபவர், பயணம் முடிந்தபின் கிடைக்க வேண்டிய சராசரி வேகத்தைப் பார்த்து வளைவில் வண்டி ஓட்டுபவரைப் போலாகிவிடுவார்.

சாதாரண மீட்டர்களுக்குக் காதின் எடைபோடல் இல்லை என்பதையும் மறக்கலாகாது. காற்று மைக்கில் மோதினாலோ, மைக் தாங்கியை யாராவது உதைத்தாலோ எழும் 20, 30 ஹெர்ட்ஸ் அதிர்வு சிறிய ஒலிபெருக்கியில் கேட்கவே கேட்காது. மீட்டரோ உச்சிவரை ஏறும். கேட்கும் ஒலிக்கும் மீட்டரின் அசைவுக்கும் தொடர்பில்லாமல் பட்டை ஆடினால் முதலில் சந்தேகிக்க வேண்டியது இதைத்தான். தாழ்ந்த அதிர்வெண்களை நீக்கும் லோ-கட் வடிகட்டியைப் போட்டதும் பட்டை இறங்கினால் காரணம் உறுதியாகிவிடும். அந்த வடிகட்டி ப்ரீஆம்புக்கு முன்னாலேயே, முடிந்தால் மைக்கிலேயே இருப்பது சிறந்தது.

2019 அளவில் 32 பிட் ஃப்ளோட் வகை ரெக்கார்டர்கள் பரவத் தொடங்கியபின், மீட்டரே இனித் தேவையில்லை என்ற பேச்சு எழுந்திருக்கிறது. இவ்வகைக் கோப்பால் 1,500 டெசிபலுக்கும் அதிகமான வீச்சை எழுத முடியும். கருவிக்குள் வெவ்வேறு கெய்னில் இயங்கும் இரண்டு மாற்றிகள் ஒலியை எண்ணாக்கி, உரப்பான இடங்களில் ஒன்றையும் மெல்லிய இடங்களில் மற்றொன்றையும் பயன்படுத்துகின்றன. பூஜ்யத்தைத் தாண்டிப் பதிவான ஒலியைப் பிறகு இறக்கினால் அலை முழுமையாகத் திரும்பி வருகிறது. இது உண்மையான முன்னேற்றம். தனியாளாகப் பதிவு செய்பவர்களுக்குப் பெரிய ஆறுதல். ஆனால் அந்த வீச்சு கோப்பினுடையது. அதற்கு முன்னால் மைக்கின் தகடும் அதற்குள் இருக்கும் சிறு மின்சுற்றும் கம்பியில்லா மைக்கின் அனுப்பியும் தத்தம் வரம்போடுதான் இருக்கின்றன. 130 டெசிபல் மட்டுமே தாங்கும் ஒரு கண்டென்சர் மைக்கை முரசின் தோலுக்கு ஒட்டி வைத்தால், சிதைவு மைக்குக்குள்ளேயே நடந்து முடிந்துவிடும். ரெக்கார்டர் அந்தச் சிதைவைத் துல்லியமாக எழுதிவைக்கும், பட்டையும் பச்சையாகவே இருக்கும். அந்த இடத்தைப் பார்க்கும் மீட்டர் எந்தக் கருவியிலும் இல்லாததால், மைக்கின் விவரத்தாளில் உள்ள உச்ச ஒலியழுத்த எண்ணைப் படித்து, காதில் ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு, மைக்கைச் சற்றுப் பின்னே நகர்த்த வேண்டியதுதான்.